ஏற்றிக்கொள்ளக் கூடாதவர்கள்

சத்திரம் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கும் ஊரோடு உறவு கொண்டவனுக்கு, வந்தவரைப் பார்த்து ‘இடமில்லை’ என்று சொல்வது சுலபத்தில் வருகிற காரியமல்ல. வழிப்போக்கர்களைத் திண்ணையில் படுக்கவைத்த காலம் எப்போதோ போய்விட்டது. இன்று பாவூர்சத்திரம் என்றால் காய்கறி மார்க்கெட்டும், கேரளத்துக்குப் போகிற லாரிகளும், தென்காசிக்கும் திருநெல்வேலிக்கும் இடையே மூச்சு விடாமல் ஓடுகிற பஸ்களும்தான். ஆனாலும் பெயரின் வாசனை போகவில்லை. ஏழு பேர் உட்காரும் வண்டியில் பன்னிரண்டாவது ஆள் ஏறும்போதுகூட, “கொஞ்சம் நெருங்கி உக்காருங்க, அவுகளும் வரட்டும்” என்றுதான் குரல் கேட்குமே தவிர, இறங்கு என்று யாரும் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.

ஒரே ஒருவர் சொல்வார். குற்றாலம் சீசனில் வேன் ஓட்டுகிறவர், சொந்த வேன். முப்பது வருஷமாக ஓட்டுகிறார். “எப்பேர்ப்பட்ட ஆளை ஏற்ற மாட்டீர்கள்?” என்று ஒரு தடவை கேட்டேன். குடிகாரனைச் சொல்வார் என்று நினைத்தேன்.

“குடிச்சவன ஏத்துவேன். ரெண்டு மைலுக்குள்ள தூங்கிருவான். ஏறும்போதே, ‘எட்டு மணிக்குள்ள கொண்டுபோய் விட்ருவீரா’ன்னு கேக்கான் பாருங்க, அவனத்தான் ஏத்த மாட்டேன். அவன் வண்டியில ஏறல்ல, என் கழுத்துல ஏறுதான்.”

நான் கதை எழுதுகிறவன். இப்படிப்பட்ட வார்த்தைகள் கிடைத்தால் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவேன். இதையும் போட்டுக்கொண்டேன். அதற்கு ஒரு உபயோகம் ஆகாய விமானத்தின் மூலமாக வரும் என்று மட்டும் எதிர்பார்க்கவில்லை.

என் சித்தி மகன் அமெரிக்காவில் டெக்ஸாஸ் பிராந்தியத்தில் இருக்கிறான். உத்தியோகம் கம்ப்யூட்டரில், பொழுதுபோக்கு விமானம் ஓட்டுவது. நம்மிடம் ஒருவன் பொழுதுபோக்காக வீணை வாசிக்கிறேன் என்றால் நம்புவோம்; விமானம் ஓட்டுகிறேன் என்றால் சந்தேகமாகப் பார்ப்போம். அங்கே அது அவ்வளவு அதிசயமில்லை. குறைந்தது 40 மணி நேரம் பறந்து பழகி, எழுத்துப் பரீட்சை ஒன்றும் வாய்மொழியும் பறத்தலுமாக இன்னொரு பரீட்சையும் தேறிவிட்டால், தனியார் விமானி என்று லைசென்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். அவனும் மூன்று சிநேகிதர்களும் சேர்ந்து ஒரு பழைய செஸ்னா விமானத்தைக் கூட்டாக வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் நாலு பேர் கூட்டாகக் கிணறு வெட்டி முறை வைத்து இறைப்பதில்லையா, அந்த மாதிரி.

இந்தியாவில் முதன்முதலாக இந்த லைசென்ஸை வாங்கியவர் ஜே. ஆர். டி. டாட்டா, 1929-இல். மூன்று வருஷம் கழித்து, 1932 அக்டோபர் 15-ஆம் தேதி, அவரே ஒரு சின்னஞ்சிறு ‘புஸ் மாத்’ விமானத்தைக் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஓட்டிவந்தார். பம்பாயிலிருந்து அதைச் சென்னைக்கு ஓட்டிக்கொண்டு போனவர் நெவில் வின்சென்ட். நம் நாட்டு விமானப் போக்குவரத்தின் கொடிவழி அன்று ஆரம்பிக்கிறது. ஆனால் அன்றைக்கு அவர்கள் ஏற்றிக்கொண்டு வந்தது மனுஷர்களை அல்ல; தபால் மூட்டையை. எவ்வளவு புத்திசாலித்தனமான ஆரம்பம் என்று இப்போது தோன்றுகிறது. கடிதங்கள் எவ்வளவு அவசரமானவையாக இருந்தாலும், விமானியின் தோளைத் தட்டி “இன்னும் எவ்வளவு நேரம்?” என்று கேட்பதில்லை.

போன ஆடியில் என் தம்பி மூன்று வார லீவில் ஊருக்கு வந்திருந்தான். வந்த மூன்றாம் நாள் சித்தி எனக்கு டெலிபோன் செய்தாள். “எய்யா, நீ ஒரு எட்டு வந்துட்டுப் போ. அப்பனும் மகனும் பேசிக்கிட மாட்டேங்காவ. சோறு போடுதப்போ நான் நடுவுல நின்னு மொழிபெயர்க்க வேண்டியிருக்கு” என்றாள்.

விவகாரம் இதுதான். அதற்கு முந்தின வருஷம் மே மாதம் சித்தப்பாவும் சித்தியும் அமெரிக்கா போயிருந்தார்கள். சித்தப்பாவுக்குப் பாவூர்சத்திரத்தில் கமிஷன் மண்டி. நாற்பது வருஷத்து வியாபாரம். மகனுடைய விமானத்தில் ஏறிப் பறக்கப்போகிறேன் என்று மார்க்கெட் முழுவதும் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். போய் ஒரு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம், வேட்டியை அவிழ்த்துவிட்டுப் பேண்ட் போட்டுக்கொண்டு, சித்தியும் மருமகளும் பின்தொடர, அந்தச் சின்ன விமான நிலையத்துக்கும் போய் இறங்கிவிட்டார். அங்கே போய் நின்ற பிறகு மகன் “இன்னைக்கு வேண்டாம்ப்பா” என்று சொல்லிவிட்டான். அடுத்த சனிக்கிழமையும் அழைத்துப் போகவில்லை. அதற்கடுத்த வாரம் அவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள்.

“ஏறினீங்களா அண்ணாச்சி?” என்று மார்க்கெட்டில் கேட்டவர்களிடம் சித்தப்பா, “ஏறினேன். காது அடைச்சிக்கிட்டு” என்று சொல்லிவிட்டார்.

(இதையெல்லாம் எழுதலாமா என்று அவரிடமே கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். “ஊர் பேரப் போடு, என் பேரப் போடாத” என்றார். ஊர் பேரைப் போட்டால் ஆள் யாரென்று மார்க்கெட்டில் ஒரு வெங்காய மூட்டைக்குக்கூடத் தெரிந்துவிடும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.)

நான் முதலில் தம்பியிடம் பேசினேன். யாரை ஏற்றுவது, யாரை மறுப்பது என்று விமானி தன் இஷ்டத்துக்குத் தீர்மானிக்கலாமா என்று கேட்டேன்.

“இஷ்டம் இல்லை அண்ணே, அதுதான் வேலையே” என்றான். பெரிய விமானக் கம்பெனிகளுக்கு இதில் கஷ்டம் குறைவு. சட்டம் இருக்கிறது, வாசலில் நிறுத்த ஆள் இருக்கிறது. நம் நாட்டில்கூட, ஒரு பார்லிமெண்டு அங்கத்தினர் விமானக் கம்பெனி ஊழியரைச் செருப்பால் அடித்த விவகாரத்துக்குப் பிறகு, 2017-இல், ரகளை செய்யும் பிரயாணிகளை மூன்று தரமாகப் பிரித்து விதி வகுத்தார்கள். வாயால் வம்பு செய்தால் மூன்று மாதம் வரைக்கும், கை நீட்டினால் ஆறு மாதம் வரைக்கும், உயிருக்கே ஆபத்து விளைவித்தால் இரண்டு வருஷமும் அதற்கு மேலும் விமானத்தில் ஏறவிடாமல் தடுக்கலாம். சின்ன விமானத்துக்காரனுக்கு இந்த வசதியெல்லாம் கிடையாது. அவனே டிரைவர், அவனே கண்டக்டர், அவனே மாஜிஸ்டிரேட். எதிரே நிற்கிறவனோ அநேகமாக மாமனார் அல்லது மேலதிகாரி அல்லது பால்ய சிநேகிதன்.

சட்டம் அவனுக்குச் சில சௌகரியங்களைச் செய்துதான் கொடுத்திருக்கிறது. போதை ஏறியவனாகத் தெரிந்தால் ஏற்றக் கூடாது என்று அமெரிக்க விதியே சொல்கிறது. கடைசி 90 நாளில் மூன்று தடவையாவது ஏற்றி இறக்கிப் பார்த்திராத விமானி பிரயாணிகளைக் கொண்டு போகக் கூடாது, தனியாகப் போகலாம். ‘நீ சாவதானால் சாவு, அடுத்தவனைச் சேர்த்துக்கொள்ளாதே’ என்பதைச் சர்க்கார் எவ்வளவு மரியாதையாகச் சொல்லியிருக்கிறது பாருங்கள்!

பிறகு பணம். தனியார் லைசென்ஸ் வைத்திருப்பவன் கூலிக்கு ஆள் ஏற்றக் கூடாது. அமெரிக்காவில் பெட்ரோல் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பங்கு போட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் ஒரு காசு வாங்கக் கூடாது. இது ஏதோ வரி வசூலிப்பதற்கான ஏற்பாடு என்று நான் நினைத்தேன். தம்பி 2019 ஜனவரியில் நடந்ததைச் சொன்னான். எமிலியானோ சாலா என்ற அர்ஜென்டினாக் கால்பந்து ஆட்டக்காரன், புதிதாகத் தன்னை வாங்கிய கார்டிஃப் குழுவில் சேருவதற்காகப் பிரான்சிலிருந்து ஒரு சிறு விமானத்தில் ராத்திரியில் கிளம்பினான். ஓட்டியவருக்கு இருந்தது தனியார் லைசென்ஸ்தான். கூலிக்கு ஏற்றவும் அதிகாரமில்லை, இரவில் ஓட்டவும் அதிகாரமில்லை. விமானம் இங்கிலீஷ் கால்வாயில் விழுந்து இரண்டு பேரும் போய்விட்டார்கள். அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தவருக்கு 2021-இல் பதினெட்டு மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. பணம் கொடுத்தவனுக்கு விமானி கடமைப்பட்டுப் போகிறான். கடமைப்பட்டவன் வானத்தைப் பார்க்கிற பார்வை வேறு. தம்பி இதைச் சொன்னபோது எனக்கு வேன்காரர் ஞாபகம் வந்தது.

பயந்தவர்களைப் பற்றியும் பேசினோம். இதில் எனக்கும் அவனுக்கும் அபிப்பிராய பேதம். பயப்படுகிறவனை ஏற்றக் கூடாது என்கிறான் அவன். அந்தச் சின்ன விமானத்தில் முன்னால் இரண்டு ஆசனம்; இரண்டுக்கும் எதிரே ஓட்டுகிற பிடி உண்டு, காலடியில் மிதிகட்டைகளும் உண்டு. பதறிப்போன ஒருவன் எதிரே இருப்பதை இறுகப் பற்றிக்கொண்டால் தீர்ந்தது கதை. ஆனால் பயம் என்பது புத்தி இருக்கிறதற்கும் அடையாளம் அல்லவா? பயந்தவனைப் பின்னால் உட்காரவைத்து ஏற்றிக்கொள்ளலாம் என்பது என் கட்சி. பயமே இல்லாமல், “கொஞ்சம் தலைகீழாகத் திருப்பிக் காட்டேன்” என்று கேட்கிறவனைத்தான் வாசலிலேயே நிறுத்த வேண்டும். வேறொருவரால் பிடித்துத் தள்ளப்பட்டு, வரமாட்டேன் என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு வருகிறவர்களை மட்டும் ஏற்றக் கூடாது என்பதில் இருவரும் ஒத்துப்போனோம். அவர்களில் பெரும்பாலோர் மனைவிமார்கள் என்றான்.

இனி எடை. சித்தப்பாவிடம் தம்பி சொன்ன காரணம் எடைதான்.

நாலு ஆசனம் இருப்பதால் நாலு பேர் ஏறலாம் என்று நாம் நினைக்கிறோம். அப்படியில்லை. அந்த ரக செஸ்னா தரையை விட்டுக் கிளம்பும்போது மொத்தம் 1,157 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது. வெறும் விமானமே சுமார் 770 கிலோ. டாங்க் நிறையப் பெட்ரோல் போட்டால் அது ஒரு 144 கிலோ. மிச்சம் இருப்பது ஏறக்குறைய 240 கிலோ. அதற்குள்தான் மனுஷர்கள், பைகள், தண்ணீர்ப் பாட்டில், பலகாரம் எல்லாம் அடங்க வேண்டும். மொத்தம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. எங்கே உட்காருகிறார்கள் என்பதும் கணக்கு. கனமானவர்கள் இருவரும் பின்னால் உட்கார்ந்தால் விமானத்தின் மூக்கு மேலே தூக்கும், வால் தாழும். மாட்டுவண்டியில் பின்பாரம் ஏறினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு எழும்புமே, அதே நியாயம். வண்டியானால் ஒரு ஆளை முன்னால் நகர்ந்து உட்காரச் சொல்லலாம். அதோடு வெயில் இருக்கிறது. காற்று சூடானால் லேசாகிப்போகிறது. எஞ்சினுக்கும் பலம் குறைகிறது, இறக்கைக்கும் பிடிப்புக் குறைகிறது. காலையில் சுளுவாக எழும்பிய அதே விமானம் மத்தியானத்தில் ஓடுபாதையின் பாதியைத் தின்றுவிட்டுத்தான் எழும்பும்.

இதில் பெரிய சங்கடம், யாரும் தன் எடையை உள்ளபடி சொல்வதில்லை. அமெரிக்காக்காரர்களும் அப்படித்தானாம். பத்து கிலோவாவது குறைத்துத்தான் சொல்வார்கள். ஆகையால் தம்பி, சொன்னதோடு பத்து கிலோ சேர்த்தே கணக்குப் போடுவான். அன்றைக்குச் சித்தப்பா 92 என்றார். அவன் 102 என்று எழுதிக்கொண்டான். சித்தி 68, மருமகள் 60, அவன் 78. மொத்தம் 308. “எடை ஜாஸ்திப்பா, இன்னைக்கு வேண்டாம்.”

இவ்வளவையும் கேட்டுக்கொண்டு மறுநாள் விடியற்காலையில் மண்டிக்குப் போனேன். சித்தப்பா எலெக்ட்ரானிக் தராசுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கத்தரிக்காய் மூட்டைகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. ஏலம் முடிகிறவரைக்கும் காத்திருந்து, விமானத்துக்கு எடை எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரிந்ததை எடுத்துச் சொன்னேன். பெட்ரோல் கணக்கையும் சொன்னேன்.

அவர் சாவதானமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

“ஏல, நாப்பது வருசமா நான் மூட்டை எடை போட்டுக்கிட்டிருக்கேன். எனக்கு எடை சொல்லிக் குடுக்க வந்துட்டியா? அவன் எடை ஜாஸ்தின்னான். சரி, பெட்ரோலப் பாதியாக் குறையின்னேன். எழுபது கிலோ போச்சா? மாட்டேன்னான். சரி, உன் பெண்டாட்டியும் உங்கம்மையும் கீழ நிக்கட்டும், நீயும் நானும் மட்டும் போவம்னேன். நூத்தி முப்பது கிலோ போச்சா? அப்பவும் மாட்டேங்கான். அப்ப எடையா காரணம்? எடைதான் காரணம்னா, எடையக் குறைச்ச உடனே ஏத்தணும். ஏத்தலைன்னா வேற காரணம் இருக்கு. அது என்னன்னு சொல்ல மாட்டேங்கான்.”

கணக்கில் பிசகே இல்லை. எனக்கு வாயடைத்துப்போயிற்று. மனுஷன் ஒரு வருஷமாக எதை மென்றுகொண்டிருக்கிறார் என்பதும் புரிந்தது. எடைக்காக மறுத்திருந்தால் அவர் எப்போதோ மறந்திருப்பார். நாற்பது வருஷம் தராசைப் பார்த்த கண்ணுக்கு, இது எடை அல்ல என்று அந்த ஓடுபாதை ஓரத்திலேயே தெரிந்துவிட்டது. மகன் தன்னிடம் பொய் சொல்கிறான்; அதுவும் கணக்கில் பொய்.

அன்று சாயங்காலம் தம்பியைக் குற்றாலத்துக்கு அழைத்துக்கொண்டு போனேன். ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று வந்து அறைந்துகொண்டிருந்தது. வழியெல்லாம் காற்றாலைகள் பேய்போலச் சுழன்றுகொண்டிருந்தன. மலை உச்சியை மேகம் மூடியிருந்தது. தம்பி காரிலிருந்தே அதைப் பார்த்துவிட்டு, “இந்தக் காத்துல இந்த மலைக்குப் பக்கத்துல சின்ன பிளேன் வரவே கூடாது” என்றான். பெரிய அருவியில் தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டி விழுந்துகொண்டிருந்தது. குளிக்கத் தடை. போலீஸ்காரர் கயிறு கட்டி நின்றார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் துண்டும் எண்ணெயுமாக ஒரு கூட்டம். “சார், மதுரையிலேருந்து வந்திருக்கோம். அஞ்சே நிமிஷம். வந்ததுதான் வந்தோம், தலையை நனைச்சிட்டுப் போயிடுறோம்.”

2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் இறங்கி, பதினேழு வயசுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போயிற்று. அதைப் பத்திரிகையில் படித்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். இருந்தாலும், வந்ததுதான் வந்தோம்!

“இதுக்கு எங்க ஆட்கள் ஒரு பேர் வெச்சிருக்காங்க அண்ணே” என்றான் தம்பி. “போய்ச் சேர்ந்தே தீரணுங்கிற வியாதி. விமானியைக் கொல்லுறதுல அதுக்குப் பெரிய பங்கு.”

அப்போதுதான் கேட்டேன். “சரி, எடை இல்லை. அப்புறம் என்ன?”

அவன் கொஞ்ச நேரம் அருவியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு மேற்கே தூரத்தில் இடிமேகம் கட்டிக்கொண்டிருந்ததாம். கிளம்ப முடியாது என்று சொல்லும் அளவுக்கு இல்லை. சிநேகிதன் ஒருவனை ஏற்றிக்கொண்டிருந்தால் கிளம்பியிருப்பான். பத்து நிமிஷம் போய்ப் பார்த்து, மேகம் நெருங்கினால் திரும்பியிருப்பான். “ஆனா அப்பா பக்கத்துல உட்கார்ந்திருந்தா என்னால திரும்ப முடியாது அண்ணே. இன்னும் கொஞ்சம் போவோம், இன்னும் கொஞ்சம் போவோம்னு போய்க்கிட்டே இருந்திருப்பேன். அவர் முன்னால நான் எதையுமே பாதியில விட்டுட்டுத் திரும்பினது கிடையாது. வயலை வித்து என்னைப் படிக்க வெச்சவர். ஊர் பூரா சொல்லிட்டு வந்திருக்கார். அவர் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம், பக்கத்துல உட்கார்ந்திருந்தாலே போதும்.”

இதை எப்படி அப்பாவிடம் சொல்வது என்கிறான். நியாயமான கேள்விதான். ‘உங்கள் எடை ஜாஸ்தி’ என்று தகப்பனிடம் சொல்லிவிடலாம். ‘உங்கள் மேல் எனக்கு இருக்கிற மரியாதை ஜாஸ்தி, அதை விமானம் தாங்காது’ என்று எப்படிச் சொல்கிறது?

அவன் சொன்னது வெறும் மனப்பிராந்தி அல்ல என்பதற்குச் சாட்சியங்கள் இருக்கின்றன. 2020 ஜனவரி 26-ஆம் தேதி, கூடைப்பந்து வீரர் கோபி பிரையண்ட், அவர் மகள், இன்னும் ஆறு பிரயாணிகள், விமானி என்று ஒன்பது பேரோடு ஒரு ஹெலிகாப்டர் லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே மூடுபனியில் குன்றின்மேல் மோதிற்று. விசாரணை செய்தவர்கள் தேடித்தேடிப் பார்த்தார்கள். பிரையண்ட் விமானியை அவசரப்படுத்தினார் என்பதற்கு ஒரு தடயமும் இல்லை. அவர் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பெரிய மனுஷரை ஏமாற்றக் கூடாதே என்று விமானி தனக்குத்தானே நெருக்கடியை உண்டாக்கிக்கொண்டிருக்கக்கூடும் என்றுதான் எழுதினார்கள்.

இதைவிட என் தூக்கத்தைக் கெடுத்தது போலந்து விவகாரம். 2008 ஆகஸ்டில் ஜார்ஜியாவில் யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, போலந்து ஜனாதிபதி லேக் காச்சின்ஸ்கி, வேறு சில நாட்டுத் தலைவர்களையும் அழைத்துக்கொண்டு, அந்த நாட்டுத் தலைநகரான திபிலிசிக்கு விமானத்தில் போனார். அங்கே இறங்குவது ஆபத்து என்று விமானி மறுத்துவிட்டார். பக்கத்து நாடான அஜர்பைஜானில் கொண்டுபோய் இறக்கினார். ஜனாதிபதிக்கு மகா கோபம். பாதுகாப்பு மந்திரியோ அந்த விமானிக்குப் பதக்கமே கொடுத்தார். அன்று உதவி விமானியாகப் பக்கத்து ஆசனத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர் பெயர் அர்காதியுஷ் புரோதாசியுக். 2010 ஏப்ரல் 10-ஆம் தேதி, அதே ஜனாதிபதியை ஏற்றிக்கொண்டு, மூடுபனி கவிந்த ஸ்மோலென்ஸ்குக்குப் போன விமானத்தின் தலைமை விமானி அவர்தான். 96 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. விமானப்படைத் தளபதி விமானி அறையில் வந்து நின்றது விமானிகளின் மனசை அழுத்திற்று என்று ரஷ்ய விசாரணை சொன்னது. போலந்துக்காரர்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் மறுத்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்த மனுஷர், இருபது மாதம் கழித்து அதே பிரயாணியோடு அந்த ஆசனத்தில் உட்கார்ந்திருந்தாரே, கடைசி நிமிஷங்களில் அவர் மனசில் என்ன ஓடிற்று என்பதை எந்தக் கறுப்புப் பெட்டியும் பதிவு செய்ய முடியாது. நாவலாசிரியனுக்குக்கூட அங்கே நுழையத் தைரியம் வராது.

தகப்பன்-மகன் விவகாரத்திலேயே ஒன்று உண்டு. 1994 மார்ச்சில் மாஸ்கோவிலிருந்து ஹாங்காங்குக்குப் போய்க்கொண்டிருந்த பெரிய பிரயாணி விமானம். விமானி தன் மகளையும் மகனையும் முதல் தடவையாக வெளிநாட்டுக்கு அழைத்துப் போகிறார். நடு ராத்திரி, விமானம் தானாக ஓடிக்கொண்டிருந்தது. முதலில் பெண்ணையும் பிறகு பதினைந்து வயசுப் பையனையும் தன் ஆசனத்தில் உட்காரவைத்தார். பையன் பிடியை அழுத்திப் பிடித்ததில் தானியங்கி ஏற்பாட்டின் ஒரு பகுதி விலகிக்கொண்டது, ஒருவரும் கவனிக்கவில்லை. 75 பேர். கெட்டவர் என்று அவரை யார் சொல்ல முடியும்? பிள்ளை ஆசையோடு பார்க்கும்போது ‘மாட்டேன்’ என்று சொல்ல வாய் வராத தகப்பன்மார்களில் ஒருவர். நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற தகப்பன்மார்களில் முக்கால்வாசிப் பேர் அந்த ரகம்தான்.

ஆகவே தம்பி செய்தது சரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எடை என்று சொன்னானே, அதுதான் தப்பு. வேறு யாரிடம் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். மண்டிக்காரரிடம் சொல்லியிருக்கக் கூடாது. உண்மைக் காரணத்தை அவனும் சொல்லப் போவதில்லை, லீவு முடிய நாலு நாள்தான் பாக்கி என்பதால், நானே மறுபடியும் மண்டிக்குப் போனேன். ஏலம் முடிந்து, வாழையிலைக் கட்டுகளும் உதிர்ந்த கொத்தமல்லியுமாகக் கிடந்த நேரம். பையன்கள் டீக்குப் போயிருந்தார்கள். தம்பி அருவிக்கரையில் சொன்னதை, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல், அப்படியே சொன்னேன். கூட்டிச் சொல்வது என் தொழில், அன்றைக்குச் செய்யவில்லை.

சித்தப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. கணக்கு நோட்டை மூடினார். பேனாவை அதன் மேல் வைத்தார்.

“பாதியில திரும்பினா நான் என்ன, கோவிச்சிக்கவா போறேன்?” என்றார்.

நான் பதில் சொல்லவில்லை.

“கோவிச்சிருப்பேன்” என்று அவரே சொல்லிக்கொண்டார்.

பிறகு வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். ஒருவரும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்து விட்டுக்கொண்டு, மூட்டை ஏற்றுகிற அந்தத் தராசின் மேல் மெதுவாக ஏறி நின்றார். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். “எவ்வளவு காட்டுது, பாத்துச் சொல்லு.”

“நூற்று மூணு.”

“சாக்குக்கு ஒரு கிலோ கழிச்சிக்கோ” என்றார் சித்தப்பா.